கோமதி கையால் குடிக்காத தண்ணீர்

என் ராசாவுக்கு அம்மா எழுதுவது. இதைப் போனிலேயே சொல்லியிருப்பேன். ஆனால் போனில் நீ "சரிம்மா, சரிம்மா" என்று சொல்ல ஆரம்பித்தால், அதற்குப் பிறகு நான் சொல்வது எதுவும் உன் காதில் ஏறவில்லை என்று அர்த்தம். சின்னப் பிள்ளையில் கடைக்கு அனுப்பும்போதும் இப்படித்தான் தலையாட்டுவாய்; புளி வாங்கி வரச் சொன்னால் உப்பு வாங்கி வருவாய். அதனால்தான் எழுதுகிறேன். அஞ்சாம் வகுப்போடு நின்றவள் கையெழுத்து, கோணல்மாணலாகத்தான் இருக்கும். அவசரப்படாமல் படி. மருமகளும் படிக்கட்டும். மறைக்க இதில் ஒன்றும் இல்லை.

துபாயில் சொந்தமாக வீடு வாங்கி, பால் காய்ப்புக்கு நாளும் பார்த்துவிட்டாய். யார் யாரைக் கூப்பிட்டிருக்கிறாய் என்று நேற்று வரிசையாகச் சொன்னாய். கழுகுமலைக்காரர்கள், கடம்பூர்க்காரர்கள், உன் ஆபீஸ் ஆட்கள், மருமகளோடு வேலை பார்க்கிற பிள்ளைகள் என்று எல்லோரும் அந்த வரிசையில் வந்தார்கள். நாலு கட்டிடம் தள்ளி இருக்கிற கோமதி வீடு மட்டும் வரவில்லை. கேட்டேன். "அவங்கள விடுங்கம்மா" என்றாய். எனக்கு டிக்கெட் போடுவதற்கு நாள் கேட்டாய். நான் பதில் சொல்லாமல் போனை வைத்தேன். முட்டுவலி என்று நினைத்திருப்பாய். முட்டு நன்றாகத்தான் இருக்கிறது. கோமதியைக் கூப்பிடாத வீட்டுக்கு நான் எப்படி வருவேன்? போன ஆனி மாதம் நான் வந்து இறங்கிய மறுநாள், அவளும் நானும் ஊர் சுற்றப் போய்ப் பொழுது சாய்ந்து திரும்பினோமே, அன்று நடந்தது உனக்குப் பாதிதான் தெரியும். அந்தப் பாதியை வைத்துக்கொண்டு நீ அவளை வாசலில் நிறுத்திப் பேசிவிட்டாய். மீதியை இப்போது சொல்கிறேன்.

அதற்கு முன்னால் குடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். "எங்கம்மா கோமதி சித்தி கையால தண்ணி குடிக்க மாட்டா" என்பது உனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். ஏன் என்று நீ கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. அவளும் நானும் ஒரே தீப்பெட்டி ஆபீஸில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து குச்சி அடுக்கினவர்கள். ஒரே தெருவில் வாக்கப்பட்டோம். நீ என் வயிற்றில் நிறைமாதமாக இருந்த கோடையில், தெருக்குழாயில் தண்ணீர் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. ஆள் நிற்க முடியாது என்பதால் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போவோம். குடம் நின்றால் ஆள் நின்ற மாதிரி. அடுத்தவள் குடத்தைத் தொடக் கூடாது. அதுதான் தெருச் சட்டம். நான் விடியும் முன்னே போய் என் பச்சைக் குடத்தை முன்னால் வைத்துவிட்டு, இடுப்புக் கடுப்பு தாங்காமல் கொஞ்சம் சாய்ந்துவிட்டு வந்தேன். வந்து பார்த்தால் என் குடம் பின்னால் நிற்கிறது. என் இடத்தில் கோமதி குடம். அவள் குடம் நிறைந்தது. என் குடத்துக்கு வரும்போது குழாய் காற்றை ஊதியது. அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. தெருவே கேட்கச் சொன்னேன்: "ஏட்டி கள்ளி, இனிமே உன் கையால ஒரு சொட்டுத் தண்ணி குடிச்சா நான் எங்கப்பனுக்குப் பொறக்கல." அவள், "உன் குடத்த நான் தொடவே இல்ல" என்று சொல்லிவிட்டு இடுப்பில் குடத்தோடு போய்விட்டாள்.

பேச்சை நான் நிறுத்தவில்லை. நாலாம் நாளே பேசிவிட்டோம். பக்கத்தில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவளோடு எத்தனை நாள் வாயைக் கட்டிக்கொண்டு இருக்க முடியும்? அவள் வீட்டுக் கல்யாணத்தில் விடிய விடியக் காய் நறுக்கினேன். உனக்குக் காது குத்தியபோது மாமா மடி கிடைக்காமல் நின்றோமே, அவள் தம்பி மடியில்தான் உட்கார வைத்தோம். ஆனால் தண்ணீர் மட்டும் கிடையாது. அவள் வீட்டுக்குப் போனால் என் பாட்டிலோடு போவேன். காப்பி கொடுத்தால் வேண்டாம் என்பேன். காப்பியிலும் தண்ணீர்தானே இருக்கிறது. ஊரில் சிரிப்பார்கள். சிரித்தால் சிரிக்கட்டும். சொன்ன சொல்லைச் சௌகரியப்படி மாற்றிக்கொள்கிற ஆள் நான் இல்லை.

இனி அந்த நாளுக்கு வருகிறேன். நீயும் மருமகளும் வேலைக்கும் பேத்தி பள்ளிக்கூடத்துக்கும் கிளம்பியதும் அவள் கதவைத் தட்டினாள். மகன் வீட்டுக்கு வருஷா வருஷம் வந்துபோகிறவள் ஆதலால் துபாயே தன் கொழுந்தன் வீடு மாதிரிதான் நடப்பாள். "ஏட்டி, இந்தக் கூண்டுக்குள்ள இருக்கவா பிளைட்டு ஏறி வந்த? கெளம்பு," என்றாள். "வெயிலா இருக்கே" என்றேன். "ஆமா, இவ ஊட்டில பொறந்தவ! கோயில்பட்டிக்காரி வெயிலுக்குப் பயந்தான்னு வெளிய சொல்லிராத" என்றாள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. குளிர்பான பாட்டிலில் உன் வீட்டுத் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு கிளம்பினேன். போனை அடுப்படி மேடையில் சார்ஜுக்குப் போட்டதை மறந்தே போனேன். அவள் சொல்லிப் போனை நான் விட்டுவிட்டு வந்ததாக நீ நினைக்கிறாய். அவளுக்கு அது தெரியவே தெரியாது.

வெளியே வந்ததும் ஒன்று தெரிந்தது. நம் ஊர் வெயில் அடிக்கிற வெயில். ஒரு அடி அடிக்கும், கரிசக்காட்டுக் காற்று வந்து வேர்வையைத் துடைத்துவிட்டுப் போகும். இந்த வெயில் ஆளைக் கட்டிப்பிடிக்கிறது. வேர்த்த வேர்வை காயவில்லை. சேலை முதுகோடு ஒட்டிக்கொண்டது. ஆனாலும் ரயில் நிலையத்துக்குள் நுழைந்ததும் மார்கழி மாதம் மாதிரி ஆகிவிட்டது. கோமதிக்கு எழுத்து தெரியாது, நிறம் தெரியும். "பச்சைக் கோட்டுல ஏறி பச்சைக் கோட்டுலயே எறங்கணும். செவப்புல ஏறுனோம், நம்மள மவன்மாரு பேப்பர்ல போட்டுத் தேட வேண்டியதுதான்" என்றாள். பெண்களுக்கென்று தனிப் பெட்டி இருக்கிறது. அதில் ஒரு வாட்டசாட்டமான ஆள் தெரியாமல் நின்றுகொண்டிருந்தார். அவர் எந்த நாட்டுக்காரரோ, கோமதி தமிழிலேயே, "ஏ அண்ணாச்சி, இது பொம்பளையாளு பெட்டி, அங்கன போங்க" என்றாள். அவரும் சொல்லுக்குக் கட்டுப்பட்டு அந்தப் பக்கம் போனார். சிரித்துச் சிரித்து எனக்குத் தொண்டை வறண்டது. பாட்டிலைத் திறந்தேன். "ஏட்டி, ரயிலுக்குள்ள குடிக்கப்பிடாது, பைன் போட்டுருவான்" என்று கையைப் பிடித்தாள். எனக்கு எரிச்சல். தண்ணீர் விஷயத்தில் இவளா எனக்குச் சட்டம் சொல்வது? மூடியை இறுக்கிப் பாட்டிலைச் சீட்டில் வைத்தேன், வைத்த இடத்திலேயே விட்டுவிட்டு இறங்கினேன். இதுவும் என் வேலைதான், அவளுடையது இல்லை.

பாட்டில் போனது படகில் ஏறும்வரை எனக்குத் தெரியாது. உப்பங்கழி மாதிரி ஊருக்குள்ளே வந்து கிடக்கிற கடலை மரப் படகில் தாண்டினோம். படகுக்குச் சுவரும் இல்லை, கம்பியும் இல்லை. நடுவில் ஒரு பலகை, முதுகோடு முதுகு ஒட்டி எல்லோரும் உட்கார வேண்டும். கண்மாயில் முழங்கால் தண்ணீருக்கு மேல் இறங்காதவள் நான். கோமதி தோளைப் பிடித்துக்கொண்டேன். தோளைப் பற்றி நான் சத்தியம் ஏதும் செய்யவில்லை. நடுவில் போனதும் பயம் விட்டது. காற்று வந்தது. கப்பலும் பறவையும் வெள்ளைக் கட்டிடமுமாக இரண்டு கரையும் மெல்ல நகர்ந்ததைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். "இம்புட்டுத் தண்ணி கெடக்கு, வரிசையில ஒரு குடத்தக் காணோம் பாரு" என்றேன். குத்திக் காட்டத்தான் சொன்னேன். அவள் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு, "உப்புத்தண்ணிட்டி அது" என்றாள். நல்ல இடம் ராசா. நீ இத்தனை வருஷமாக அந்த ஊரில் இருக்கிறாய், ஒரு நாளாவது அந்தப் படகில் ஏறியிருக்கிறாயா? மருமகளையும் பேத்தியையும் கூட்டிக்கொண்டு ஏறு.

அக்கரையில் பலசரக்குச் சந்து. மூட்டை மூட்டையாக ஏலம், பட்டை, காய்ந்த எலுமிச்சை, பெயர் தெரியாத பூ எல்லாம் வாசலிலேயே திறந்து கிடக்கிறது. ஒரு கடைக்காரன் மிளகாய் வத்தலைக் காட்டி என்னென்னவோ பாஷையில் பேசினான். நான் ஒன்றை எடுத்து ஒடித்து மோந்து பார்த்து, "இது நெறம் மட்டும்தான், காரம் கெடையாது" என்று தமிழில் சொன்னேன். அவன் நெஞ்சில் கை வைத்து, தன் பாஷையில் சத்தியம் செய்தான். கோமதி, "அவன் புள்ள மேல சத்தியம் பண்ணுதான்ட்டி, வாங்கிக்கோ" என்றாள். "சத்தியம் பண்ணுத மூஞ்சிய எனக்குத் தெரியும். தொடவே இல்லன்னு சொன்ன மூஞ்சியையே பாத்தவ நான்" என்றேன். அவள் அந்த வத்தலை வாங்கித் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள். கொஞ்ச தூரம் நடந்திருப்போம். சந்து எனக்கு முன்னால் சாய்கிற மாதிரி இருந்தது. வேர்வை நின்றுபோனது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. ஒரு கடைப் படியில் உட்கார்ந்துவிட்டேன்.

கோமதி தன் பாட்டிலைத் திறந்து நீட்டினாள். நான் வேண்டாம் என்று தலையை ஆட்டினேன்.

"குடிட்டி."

"மாட்டேன்."

"ஒதடு வெளுத்துப் போச்சு, கண்ணு உள்ள போகுது, மாட்டேங்கியே."

"கடையில வாங்கிட்டு வாரேன், எந்திரிக்க விடு."

"எந்திரிச்சாத்தானட்டி நடக்க! உன் மவன் வந்து கேட்டா நான் என்னன்னு சொல்ல? ஒரு குடத்துக்காகச் செத்துப் போனான்னு சொல்லவா?"

"சொல்லு. யாரு எடுத்து வச்ச குடம்னும் சேத்துச் சொல்லு."

அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. அந்த வேகத்தில் என்னைத் தாங்கித் தூக்கினாள். அவளுக்கும் என் வயதுதான் என்பதை நினைத்துக்கொள். சந்து முனையில் ஒரு பள்ளிவாசல். அதன் சுவரை ஒட்டி, வெள்ளி மாதிரி பளபளவென்று ஒரு தண்ணீர்த் தொட்டி. நீலச் சட்டை போட்ட வேலையாட்கள் வந்து குடித்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள். நம் பஸ் ஸ்டாண்டில் சித்திரையில் வைப்பார்களே தண்ணீர்ப் பந்தல், அதேதான். அங்கே கரண்டு போட்டுக் குளிர வைத்திருக்கிறார்கள். ஒரு பையன் என்னைப் பார்த்ததும் நகர்ந்து இடம் விட்டான். டம்ளர் ஒன்றும் இல்லை. கையேந்தித்தான் குடிக்க வேண்டும். குழாயோ அமுக்கிப் பிடித்தால்தான் விழுகிறது, விட்டால் நின்றுவிடுகிறது. ஒரு கையால் அமுக்கினால் மற்றொரு கையில் தங்கவில்லை. என் விரலுக்கு அமுக்கப் பலமும் இல்லை. கோமதி குழாயில் கை வைத்தாள். நான் கையை இழுத்துக்கொண்டேன்.

"ஏட்டி, தண்ணி இந்த ஊர்க்காரன் தண்ணி. குழாய் பள்ளிவாசல் குழாய். நான் அமுக்கத்தான் செய்யுதேன். என் கையில ஒரு சொட்டு பட்டா நீ துப்பிரு" என்றாள்.

யோசித்தேன். அந்த மயக்கத்திலும் நியாயமாகத்தான் யோசித்தேன். கையேந்தினேன். அவள் அமுக்கினாள். ராசா, அந்தத் தண்ணீர் உள்ளே இறங்கியதை எப்படிச் சொல்வேன்! நெஞ்சுக்குள் ஒவ்வொரு கதவாகத் திறந்துகொண்டு போனது. நான் போதும் என்கிறவரை அவள் கையை எடுக்கவில்லை. பிறகு தன் முந்தானையை நனைத்து என் பிடரியில் வைத்தாள். வைத்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல், "ஆமா. எடுத்துத்தான் வச்சேன்" என்றாள்.

நான் திரும்பி அவளைப் பார்த்தேன்.

"வீட்டுல பிள்ளைக்கு அம்மை போட்டிருந்துச்சு. கைப்பிள்ள. ஒரு பொட்டுத் தண்ணி இல்ல. வரிசையில சொன்னா அம்மை வீட்டுக்காரி கொழாயத் தொடாதன்னு வெரட்டி விட்டுருப்பாளுவ. உன் குடம்னு தெரிஞ்சுதான் எடுத்தேன். நீன்னா பெறவு பேசிக்கிடலாம்னு நெனச்சேன்."

"பெறவு சொல்லியிருக்கலாம்லா?"

"ஊரு முன்னாடி கள்ளின்னு சொன்னியே. பெறவு எதுக்குட்டி உங்கிட்ட சொல்ல?"

அந்தக் கைப்பிள்ளை யார் தெரியுமா? இன்று நாலு கட்டிடம் தள்ளி இருக்கிற அவள் மகன்தான். நீ தெருவில் பார்த்தும் பார்க்காத மாதிரிப் போகிறாயே, அவன். நீ வயிற்றுக்குள் இருந்துகொண்டு அன்றைக்கு ஒரு நாள் தாகத்தோடு இருந்தாய், அவன் பிழைத்துக் கிடந்தான். நான் அவளை மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே. அம்மைக்குத் தண்ணீர் வேண்டும் என்பது நியாயம். என் குடத்தைத் தொட்டது நியாயம் இல்லை. இரண்டும் வேறு வேறு. ஆனால் இத்தனை வருஷமும், ஒருவேளை நான்தான் குடத்தை மாற்றி வைத்துவிட்டு மறந்தேனோ என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு அரிப்பு இருந்தது. அது போயிற்று. நான் நினைத்தது சரி. அவள் வாயாலேயே வந்துவிட்டது. அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷம் சாமானியமில்லை.

அதற்கப்புறம் ஏன் நேரமானது என்று கேட்பாய். அங்கே பஸ் நிற்கிற இடத்தில் கண்ணாடி அறை கட்டி ஏசி போட்டிருக்கிறார்களே, அதில் போய் உட்கார்ந்தோம். கோமதி, "வீட்டுக்குப் போவோம்ட்டி" என்று எழுந்தாள். நான்தான் கையைப் பிடித்து உட்கார வைத்தேன். தன் குடம் ஊதா என்று அவள் சொன்னாள், பச்சை என்றேன் நான். கழுகுமலைத் தேருக்குப் போனபோது இரண்டு பேரும் சேர்ந்துதானே வாங்கினோம், இரண்டும் பச்சை. அவளுக்கு மறந்துவிட்டது. மாமியார்களைப் பேசினோம். செத்துப்போனவர்களைப் பேசினோம். அவள் மாமியார் மாதிரி நடந்து காட்டினாள். எதிரில் இருந்த ஒரு சீனாக்காரப் பிள்ளை எங்களைப் பார்த்துச் சிரித்தது. பஸ்கள் வந்து வந்து போயின. அவள் போன் பைக்குள் வத்தல் பொட்டலத்துக்கு அடியில் கிடந்து கத்தியது எங்கள் காதில் விழவில்லை.

திரும்பி வந்தபோது வாசலில் நீ நின்றாய். மத்தியானமே வீட்டுக்கு வந்து, என்னைக் காணாமல், அந்த வெயிலில் தெருத்தெருவாக அலைந்திருக்கிறாய். சட்டையெல்லாம் நனைந்து கிடந்தது. உன் பயம் எனக்குத் தெரிகிறது. ஆனால் நீ அவளைப் பார்த்து, "அறிவிருக்கா உங்களுக்கு? எங்கம்மாவக் கொல்லப் பாத்தீங்களா? இனிமே இந்த வாசப்படி ஏறாதீங்க" என்றாய். நான் சொல்ல வந்தேன். கையைக் காட்டி நிறுத்தினாய். பெற்றவளைக் கை காட்டி நிறுத்திய கதை தனி, அதை வேறொரு நாள் பேசுவேன், மறந்துவிட்டேன் என்று நினைக்காதே. கோமதி ஒரு வார்த்தை சொன்னாளா? நான் மயங்கினதைச் சொல்லவில்லை, தண்ணீரைச் சொல்லவில்லை, போவோம் போவோம் என்று கெஞ்சினதைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் என் பிடிவாதம் உன் முன்னால் வெளியே வந்திருக்கும். வத்தல் பொட்டலத்தை என் கையில் கொடுத்துவிட்டு, "வாரேன்ட்டி" என்று இறங்கிப் போனாள். அதற்கப்புறம் நான் ஊருக்குக் கிளம்புகிறவரை அந்தப் படியை அவள் மிதிக்கவில்லை. இந்த வருஷமும் மகன் வீட்டுக்கு வந்திருக்கிறாள், அங்கிருந்து தினமும் எனக்குப் போன் பண்ணுகிறாள். உன்னைப் பற்றி ஒரு குறை சொன்னதில்லை. நேற்று மட்டும், "பால் காய்ப்பாமே?" என்று கேட்டாள். அவ்வளவுதான் கேட்டாள். எனக்குச் சோறு இறங்கவில்லை.

பகை வைத்துக்கொள்ளாதே என்று நான் உனக்குச் சொல்ல மாட்டேன். சொன்னால் நீயே சிரிப்பாய். ஆனால் அதற்குத் தெம்பு வேண்டும், ஞாபகம் வேண்டும். கண்ணாடியைத் தலையில் வைத்துக்கொண்டு வீடு முழுக்கத் தேடுகிற ஆள் நீ. பத்து வருஷம் கழித்து எதற்காகப் பேசவில்லை என்று கேட்டால் உனக்கே தெரியாது. காரணம் மறந்துபோய் மூஞ்சியைத் திருப்புவதைப் போல அசிங்கம் ஒன்றும் கிடையாது. கரிசக்காட்டை உனக்கும் உன் தங்கைக்கும் எழுதி வைத்திருக்கிறேன். கோமதி மேல் உள்ள கோபத்தை யாருக்கும் எழுதி வைக்கவில்லை. அது என்னுடையது, என்னோடு இருக்கட்டும்.

அதனால் இதைப் படித்ததும் வருகிற வெள்ளிக்கிழமை நீயும் மருமகளும் ஜோடியாக அவள் வீட்டுக்குப் போங்கள். போனில் படம் அனுப்பிக் கூப்பிடுகிற வேலை வேண்டாம். வெற்றிலை பாக்கு, பழம் வைத்துக் கூப்பிடுங்கள். முதலில் அவள் ஒரு செம்புத் தண்ணீர் கொண்டுவருவாள். வேண்டாம், இப்போதுதான் குடித்தோம் என்று சொல்லாதே. வாங்கி முழுசாகக் குடி. என் பங்கையும் சேர்த்துக் குடி. அவள் மகனிடமும் நாலு வார்த்தை பேசு. அவள் வருகிறேன் என்று சொன்ன பிறகு எனக்கு டிக்கெட் போடு, முட்டுவலியைப் பற்றிப் பேச்சே எடுக்க மாட்டேன்.

பால் காய்ப்பு அன்று அடுப்பில் பாலை அவளே வைக்கட்டும். பொங்கினதும் எல்லோருக்கும் அவளே ஊற்றிக் கொடுக்கட்டும். எனக்கும் அவள் கையாலேயே ஒரு டம்ளர் கொடுக்கச் சொல், வாங்கிக் குடிக்கிறேன். தெருக்குழாயில் நான் தண்ணீரைப் பற்றித்தான் சொன்னேன், பாலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பாலில் தண்ணீர் கலக்காமல் காய்ச்ச வேண்டும் என்று மட்டும் மருமகளிடம் இப்போதே சொல்லி வை.